துருத்தி இல்லாத பெட்டி

அருப்புக்கோட்டை,
1979 மார்ச் 11.

அன்புள்ள மகனுக்கு,

உன் அம்மாவும் நானும் சுகமாக இருக்கிறோம் என்பதை முதல் வரியிலேயே சொல்லி முடித்துவிடுகிறேன். இதற்கு மேல் எழுதப்போவது அவ்வளவு சுகமான விஷயம் அல்ல. மார்ச் 4 என்று தேதியிட்டு நீ எழுதிய கடிதமும், அதனுடன் வைத்திருந்த கல்யாணப் பத்திரிகையின் அச்சுப்படியும் 7-ஆம் தேதி காலைத் தபாலில் கிடைத்தன. கடிதத்தில் ஒரு பிழையும் அச்சுப்படியில் ஒரு பிழையும் இருக்கின்றன. பந்தல்குடியில் நடந்தது 1966-இல் என்று எழுதியிருக்கிறாய். அது 1967 பங்குனிப் பொங்கல். அச்சுப்படியில் என் பெயருக்கு முன்னால் 'ஆர்மோனிய வித்துவான்' என்று போட்டிருக்கிறாய். நான் ஆர்மோனியத்தை விட்டுப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இரண்டையும் சிவப்புப் பென்சிலால் அடித்துத் திருத்தி இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

நீ கேட்டிருப்பது எனக்குப் புரிகிறது. நம் வீட்டுக் கல்யாணங்களில் நலங்கு வைக்கும்போது மாப்பிள்ளையின் தகப்பனார் ஒரு பாட்டுக்காவது வாசிப்பது வழக்கம். என் தகப்பனார் எனக்கு வாசித்தார். நான் உனக்கு வாசிக்க வேண்டும். ஆனால் உன் மாமனாராகப் போகிறவர் மதுரையில் பல ஆண்டுகளாக வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுப்பவர். மின்சாரத்தில் பிறக்கும் சத்தத்தைச் சங்கீதம் என்று ஒப்புக்கொள்ளாதவர். ஆகவே என் எலெக்ட்ரிக் ஆர்கனை வீட்டில் வைத்துவிட்டு, பரண்மேல் கிடக்கும் பழைய ஆர்மோனியங்களில் ஒன்றைத் தூசி தட்டி எடுத்து வர வேண்டும் என்கிறாய். போன மாதம் வந்தபோது அடுப்படியில் நின்று உன் அம்மாவிடம் நீ சொன்னதும் என் காதில் விழுந்தது. "அம்மா, நீங்களாவது அப்பாகிட்டச் சொல்லுங்க. அந்தக் கரண்டுப் பெட்டிய மட்டும் மருதைக்குத் தூக்கிக்கிட்டு வந்துற வேண்டாம். அங்க எல்லாரும் சங்கீதம் தெரிஞ்சவுக." அதற்கு உன் அம்மா, "அப்ப ஒங்கப்பாவுக்கு என்ன, சமையலா தெரியும்?" என்று கேட்டதும் விழுந்தது.

என் பதில் இதுதான்: நான் வருவேன். பெட்டியும் வரும். காரணத்தை விரிவாக எழுதுகிறேன். இந்த உறையை நான் ஒட்டவில்லை. உன் மாமனார் வீட்டில் எல்லோரும் கூடியிருக்கும்போது உரக்க வாசித்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

1931-இல், என் பதினெட்டாம் வயதில், நாடக மேடையில் ஆர்மோனியத்தின் முன் உட்கார்ந்தேன். திருச்சுழி, காரியாபட்டி, பந்தல்குடி, இவற்றுக்கு இடைப்பட்ட கரிசல் ஊர்கள் எல்லாவற்றிலும் வாசித்திருக்கிறேன். சித்திரை வெயிலில் துருத்தியின் தோல் வெடிக்கும். கோந்தும் துணியும் வைத்து ஒட்டுவேன். பருத்தி வெடிக்கும் காலத்துத் தூசி ரீடுகளுக்குள் புகுந்து ஒரு சுரம் ஊமையாகிவிடும். கோழி இறகால் துடைப்பேன். இவற்றை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். என் குறை வேறு. ஆர்மோனியத்தில் ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவே படிக்கட்டு இருக்கிறது, சரிவு இல்லை. பாடுகிறவரின் குரல் வழுக்கிக்கொண்டு இறங்கும்போது, வாசிக்கிறவன் படிப்படியாகக் குதித்துத்தான் இறங்க முடியும். காரியாபட்டி அழகம்மாளை உனக்கு நினைவிருக்கும். நாடகங்களில் பாடி நடித்தவர். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். நாக்கில் அரம் வைத்திருந்தவர். ஒரு முறை மேடையிலேயே என் பக்கம் திரும்பி, "அண்ணே, நான் வழுக்கிக்கிட்டு வாரேன், நீங்க நொண்டிக்கிட்டு வாரீக" என்றார். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

1964-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், திருச்சுழி டூரிங் கொட்டகையில் ஒரு படம் பார்க்கப் போனேன். அதில் பாம்பாட்டி ஒருவன் மகுடி ஊதுகிறான். ஆனால் அந்தச் சத்தம் மகுடி இல்லை. மகுடியை எனக்குத் தெரியும். ஊதுகிறவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் எங்கோ மூச்சு வாங்குவான். இது மூச்சே வாங்கவில்லை. வழுக்கியது, நடுங்கியது, நினைத்த இடத்தில் நின்றது. முப்பத்து மூன்று ஆண்டுகளாக நான் தேடியது வேறு யாருடைய கையிலோ இருக்கிறது என்று அன்று தெரிந்தது. படத்தின் கதை இன்றுவரை எனக்கு நினைவில் இல்லை.

மறுநாள் காலை கனகவேலிடம் போனேன். அருப்புக்கோட்டையில் ரேடியோ ரிப்பேர்க் கடையும், கல்யாணத்துக்கும் கோயில் விழாவுக்கும் வாடகைக்கு விடும் மைக் செட்டும் வைத்திருந்தவர் அவர். நான் வாயால் அந்தச் சத்தத்தைப் பாடிக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "அது கரண்டுலயே பண்ணுறதுண்ணே. ரேடியோ சமயத்துல கூவுது பாருங்க, அந்தக் கூவலப் புடிச்சுக் கட்டிப்போட்டா சுரமாயிரும்" என்றார். "கட்ட முடியுமா?" என்று கேட்டேன். "முடியும். ஆனா ஒரு நேரத்துல ஒரு சுரந்தான் பேசும்." "பாடுறவுகளுக்கும் ஒரு தொண்டைதானப்பா" என்றேன்.

ஒன்றரை ஆண்டு ஆயிற்று. இரண்டு பழைய வால்வு ரேடியோக்களைப் பிரித்தோம். கட்டைகளுக்கு என் ஆர்மோனியம் ஒன்றையே கொடுத்தேன். இடப்பக்கத்தில் ரேடியோவில் நிலையம் திருப்பும் குமிழ் ஒன்றைப் பொருத்தினார் கனகவேல். கட்டையை அழுத்திக்கொண்டே அதைத் திருகினால் சுரம் வழுக்கி ஏறும், இறங்கும். 1966 தை மாதம் வீட்டு நடுக்கூடத்தில் வைத்து முதன்முதலாக வாசித்தபோது, உன் அம்மா கொல்லையிலிருந்து ஓடி வந்து, "யாரு அழுகுறது?" என்று கேட்டாள். பெட்டி என்று தெரிந்ததும் சற்று நேரம் நின்று கேட்டாள். "ஊதாம எரியிற அடுப்பு வந்துருச்சு. ஊதாமப் பாடுற பெட்டி வந்தா என்ன?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவளுக்கு இருந்த துணிச்சலில் பாதி எனக்கு இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுத வேண்டி வந்திராது.

ஏனென்றால் நான் அந்தப் பெட்டியை ஒளித்தேன். ஐம்பத்து மூன்று வயதில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. 'இவன் வாசிக்கவில்லை, கரண்டு வாசிக்கிறது' என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன். கனகவேல் எவ்வளவோ தடுத்தும் கேளாமல், பெட்டியின் பின்புறத்தில் பழைய துருத்தியை அப்படியே விட்டுவைக்கச் சொன்னேன். பார்க்கிறவர்களுக்கு அது ஆர்மோனியம். முன்னால் சிறிய ஸ்பீக்கர், அதற்கு முன்னால் மைக். கரண்டு ஒயரை ஜமுக்காளத்தின் அடியில் ஓட்டி, பாட்டு நோட்டைப் பார்ப்பதற்கான விளக்கு என்று சொல்வதற்காகவே பெட்டியின் மேல் சின்ன பல்பு ஒன்றையும் மாட்டிக்கொண்டேன். அழகம்மாள் முதல் கச்சேரியிலேயே குனிந்து, "பட்டப்பகல்ல எதுக்குண்ணே வெளக்கு? கண்ணு தெரியலையா, இல்ல ஒங்க பெட்டி பொய் மூச்சு விடுதா?" என்று என் காதில் கேட்டார். நான் பாட்டு நோட்டைப் புரட்டினேன். அவர் அதை வெளியே சொல்லவில்லை.

என் மடத்தனம் எங்கே இருந்தது என்பதைக் கவனி. சுரத்தை வழுக்க வைக்கும் குமிழ் இடக்கைக்கு உரியது. துருத்தியும் இடக்கைக்கு உரியது. ஊரார் முன்னால் பொய்யாகக் காற்றடிக்க இடக்கை போய்விட்டதால் குமிழைத் திருகக் கையே இல்லை. எதற்காக ஒன்றரை ஆண்டு காத்திருந்தேனோ, அதைப் பதினான்கு மாதம் எந்த மேடையிலும் ஒரு முறைகூட வாசிக்கவில்லை. வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தேன். வெளியே அதே பழைய நொண்டிதான், சத்தம் மட்டும் சற்றுப் புதிது.

1967 பங்குனிப் பொங்கலுக்குப் பந்தல்குடியில் மாலை ஐந்து மணிக்குப் பாட்டு. மதுரையில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நீ, நண்பர்கள் நால்வரை அழைத்து வந்திருந்தாய். 'அப்பா வாசிப்பதைக் கேளுங்கள்' என்று பெருமையாகச் சொல்லித்தான் அழைத்து வந்தாய் என்பது எனக்குப் பிற்பாடு தெரியவந்தது. தூத்துக்குடி ரோட்டில் லாரிகளை ஓரம்கட்டிவிட்டு டிரைவர்களும் வந்து நின்றார்கள். அழகம்மாள் இரண்டாவது பாட்டில் மேலே ஏறிக்கொண்டிருந்தார். அப்போது கரண்டு போயிற்று. பெட்டி வாயடைத்துப் போனது. ஆனால் மைக் செட் கரண்டில் ஓடவில்லை. கிராமத்து வழக்கப்படி கனகவேல் அதைப் பாட்டரியில் போட்டிருந்தார். என் இடக்கையோ பதினான்கு மாதப் பழக்கத்தில் தன்பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. வேப்பமரத்தில் கட்டியிருந்த நான்கு குழாய்களிலும் சுரம் இல்லை. புஸ், புஸ் என்று வெறும் காற்று மட்டும் ஊர் முழுக்கக் கேட்டது.

ஒரு டிரைவர் கூவினார்: "அண்ணாச்சி, டயருக்குக் காத்தா புடிக்கிறீக? எம் வண்டிக்கும் ரெண்டு அடி அடிங்க!" கூட்டம் உருண்டு புரண்டு சிரித்தது. அழகம்மாள் சுருதி இல்லாமலே அடியை முடித்துவிட்டு மைக்கில் சொன்னார்: "சிரிச்சது போதும்யா. கரண்டு போனா மனுசத் தொண்டைதான் மிச்சம். அதக் கேளுங்க." யாரும் கேட்கவில்லை. விழாக் கமிட்டித் தலைவர் மேடையேறிப் பெட்டியைத் திருப்பி, பின்னால் உள்ளே எட்டிப் பார்த்து, "என்ன அண்ணாச்சி இது? ரேடியோவுக்கா நாங்க சந்தனம் பூசி மாலை போட்டோம்?" என்றார்.

இனி எழுதப்போவதை இதுவரை உன்னிடம் நான் சொன்னதில்லை. நான், "எனக்கு ஒண்ணும் தெரியாது. மெக்கானிக் என்னமோ பண்ணிக் குடுத்துட்டாரு" என்றேன். மைக் இன்னும் உயிரோடுதான் இருந்தது. அந்த வார்த்தையும் நான்கு குழாய்களிலும் போயிற்று. அதுவரை துருத்திச் சத்தம் கேட்காமல் இருக்க வால்யூமைக் குறைத்து என்னைக் காப்பாற்றப் பார்த்துக்கொண்டிருந்த கனகவேல், குமிழிலிருந்து கையை எடுத்தார். ஒயரைச் சுருட்டினார். என் பக்கத்தில் வந்து, கோபமே இல்லாத குரலில், "அண்ணே, பெட்டியச் செஞ்சது நாந்தான். பொய்ய நீங்கதான வாசிச்சீக?" என்றார். அதற்கடுத்த ஆண்டு பந்தல்குடி விழாவுக்கு அவர் மைக் செட்டை யாரும் கூப்பிடவில்லை. என்னால்தான்.

கூட்டத்தின் கடைசியில் நீ நின்றிருந்த இடத்தைப் பார்த்தேன். உன் நண்பர்கள் இருந்தார்கள். நீ இல்லை. பஸ் ஏறிப் போய்விட்டாய் என்று சொன்னார்கள். மின்சாரப் பெட்டியின்மேல் உனக்கு ஏற்பட்ட வெறுப்பு அன்று தொடங்கியது என்று எனக்குத் தெரியும். அதை நான் குறைசொல்லவில்லை. ஆனால் நீ வெறுக்க வேண்டிய பொருளை மாற்றிப் பிடித்துக்கொண்டாய். அன்று உன் தலை குனியக் காரணம் பெட்டி அல்ல, துருத்தி.

பதினோரு நாள் கழித்துப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு கனகவேலின் கடைக்குப் போனேன். முதல் மூன்று நாளும் அவர் தலை நிமிரவில்லை. வாடிக்கையாளர்கள் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்தேன். நான்காம் நாள், "மன்னிச்சுக்கப்பா. ஊர் முன்னாடி ஒம் பேரக் கெடுத்தேன், ஊர் முன்னாடியே சரி பண்ணுறேன்" என்றேன். அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கத்தியை எடுத்து நீட்டினார். "மொதல்ல அந்தத் துருத்திய அறுங்க. நான் அறுக்க மாட்டேன், நீங்க அறுக்கணும்." அங்கேயே அறுத்தேன். 1931-இலிருந்து ஓயாமல் அடித்துக்கொண்டிருந்த இடக்கை அன்று சும்மா கிடந்தபோது, யாருடைய கையோ என் மடியில் கிடப்பதுபோல் இருந்தது.

1968 பங்குனியில் யாரும் அழைக்காமல் நானே பந்தல்குடிக்குப் போனேன். கமிட்டித் தலைவர், "மறுபடியும் அதே பெட்டியா அண்ணாச்சி? சனம் ஒத்துக்கிருமா?" என்று தயங்கினார். "ஒத்துக்கிறாதவுக எந்திரிச்சுப் போகட்டும். நான் ஒரே ஒரு பாட்டு வாசிச்சுட்டுப் போறேன்" என்றேன். மேடையில் பெட்டியைப் பின்புறம் தெரியும்படி திருப்பி வைத்தேன். வால்வுகள் சூடேறிச் சிவப்பதைக் கூட்டம் பார்த்தது. மைக்கைப் பிடித்து, போன ஆண்டு நான் சொன்னது பொய், இதைக் கேட்டு வாங்கியவன் நான், செய்தவர் அருப்புக்கோட்டை கனகவேல், அவர் மேல் குற்றமே இல்லை என்று சொன்னேன். பிறகு அழகம்மாள் பாடினார். மேல் சட்சமத்திலிருந்து அவர் குரல் சரிந்தபோது, இடக்கையால் குமிழைத் திருகி நானும் கூடவே சரிந்தேன். அவர் பாட்டை ஒரு கணம் நிறுத்தி என்னைப் பார்த்தார். "இப்பத்தான்ணே கூட வாரீக" என்றார். கூட்டத்தில் பாதிப்பேர் எழுந்து போனார்கள். மீதிப்பேருக்கு ஆறு பாட்டு வாசித்தேன்.

அன்றிலிருந்து இன்றுவரை இதைத்தான் வாசிக்கிறேன். இதற்கும் குணக்கேடு உண்டு; மறைக்க மாட்டேன். திருச்சுழிப் பக்கம் கிணறுகளில் மோட்டார் போட்டால் வோல்டேஜ் இறங்கும், உடனே சுருதியும் இறங்கும். மோட்டார் நின்றால் சுருதி தானாக ஏறும். ஆகவே குமிழில் ஒரு விரல் எப்போதும் காவல் இருக்க வேண்டும். எங்கோ ஒரு தோட்டத்தில் தண்ணீர் பாய்வதை மேடையில் இருந்தபடியே நான் சொல்லிவிடுவேன். இதைக் குறை என்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். நாதசுரக்காரர் சீவாளியை எச்சிலில் நனைக்கவில்லையா? மிருதங்கக்காரர் ரவையைப் பிசைந்து இடந்தலையில் அப்பவில்லையா? எந்த வாத்தியம் தன்னைக் கவனிக்காதவனுக்குப் பேசியிருக்கிறது?

உன் மாமனாரிடமும் சிலவற்றைக் கேட்க வேண்டும். மின்சாரச் சத்தத்தில் உயிர் இல்லை என்கிறாராம். அவர் மைக் இல்லாமலா கச்சேரி செய்கிறார்? கடைசி வரிசையில் இருப்பவர் கேட்பது அவர் தொண்டையையா, கரண்டையா? நீ என்னைத் தூக்கி வரச் சொல்லும் ஆர்மோனியமும் கப்பலில் வந்த வெள்ளைக்காரப் பெட்டிதான். அதையும் சங்கீதம் அல்ல என்று தள்ளி வைத்தவர்கள் உண்டு. அவர்களுக்கெல்லாம் பணிந்திருந்தால் 1931-இல் என் கையில் அதுவும் கிடைத்திராது. இப்போது சென்னையில் எந்தச் சத்தத்தையும் உண்டாக்கும் சிந்தசைசர் என்ற ஒன்று வந்திருக்கிறது என்று பத்திரிகையில் படித்தேன். வயது அறுபத்தாறு. இருந்தாலும் அதைத் தொட்டுப் பார்க்காமல் போகமாட்டேன்.

இதில் உனக்கும் ஒரு செய்தி உண்டு. என்னைப் பற்றிப் பெண் வீட்டாரிடம் 'ஆர்மோனிய வித்துவான்' என்று சொல்லி வைத்திருக்கிறாய். அந்தப் பெண்ணிடமும் அதையேதான் சொல்லியிருப்பாய். கல்யாணமான பிறகு அந்தப் பொய்க்கு யார் காற்றடிப்பது? அவள் நம் வீட்டுக்கு வரும்போதெல்லாம் நான் பெட்டியைப் பரண்மேல் ஏற்ற வேண்டும். நீ பேச்சை மாற்ற வேண்டும். உன் அம்மா உனக்கு ஒத்து ஊத வேண்டும். ஒரு கை அதற்கே போய்விடும். குடும்பம் நடத்த இரண்டு கையும் வேண்டும். நான் பதினான்கு மாதம் அனுபவித்துவிட்டுச் சொல்கிறேன்.

ஆகவே பத்திரிகையில் நான் திருத்தியபடி 'எலெக்ட்ரிக் ஆர்கன் வாசிப்பவர்' என்றே அச்சாக வேண்டும். அது முடியாது என்றால் பட்டம் எதுவும் வேண்டாம். தகப்பன் என்று மட்டும் போடு, அது போதும். கல்யாணத்துக்கு முதல் நாள் காலை பஸ்ஸில் நானும் உன் அம்மாவும் கிளம்புகிறோம். பெட்டி என் மடியில் வரும். கனகவேலும் வருகிறார், அவருக்கு முதல் பந்தியில் இலை போட வேண்டும். நலங்கு வைக்கும் இடத்தில் பிளக் பாயின்ட் உண்டா என்று பார்த்து, 20-ஆம் தேதிக்குள் எழுது. இல்லை என்றால் முப்பது கஜம் ஒயர் நானே கொண்டுவருகிறேன். இந்த முறை அதை ஜமுக்காளத்தின் மேலேயே போடுவேன், எல்லோரும் தாண்டித்தான் போக வேண்டும்.

உன் மாமனார் எழுந்து போகலாம். நீயும் போகலாம்; மாப்பிள்ளைக்கு அந்த உரிமை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இருக்கிறவர்களுக்கு வாசிப்பேன். நடுவில் கரண்டு போனால் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, எல்லோரும் பார்க்கும்படி, அது திரும்பி வரும்வரை சும்மா உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா.